இருண்ட திரையெல்லாம் இறந்த திரை அன்று

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அடுப்பங்கரைக்கும் அங்காடிக்கும் பொருந்தும் இம்மொழி கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை எங்கள் வீட்டில் ரூபாய் 4,500 செலவழித்துக் கற்றுக்கொண்டோம். அப்பாடத்தை என் தோழியர் செலவின்றிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆவலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் தாயார் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்பவர். திருமணத்திற்கு முன்பே தட்டச்சில் ஹையர் தேறியவர். இன்று கணிப்பொறியில் மகளிர் குழுக்களின் கணக்குகளையும், மனுக்களையும், கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளையும் அடித்துத் தருகிறார். பக்கத்திற்கு இவ்வளவு என்று கூலி. என் பள்ளிச் செலவும் தம்பியின் பள்ளிச் செலவும் பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலிருந்துதான் வருகின்றன.

சென்ற ஆண்டு ஒரு நாள், உறங்கிக் கிடந்த கணிப்பொறியை அம்மா எழுப்பினார். கணிப்பொறி விழித்தது, விசிறி சுழன்றது. ஆனால் திரை மட்டும் விழிக்கவில்லை. கரும்பலகை போல இருண்டு கிடந்தது. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். "மானிட்டர் போய்விட்டது அம்மா, வேறு வாங்கிவிடுங்கள்" என்றார். வாங்கினோம். மாட்டினோம். படம் வந்தது. பழைய மானிட்டர் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

ஆனால், அந்த மானிட்டர் சாகவே இல்லை! அது எவ்வாறு தெரிந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உறக்கம் என்பது யாது?

கணிப்பொறியில் உறங்குபவர் இருவர். ஒருவர் திரை, மற்றவர் கணிப்பொறி. இவ்விருவரும் தனித்தனியே உறங்குவர், தனித்தனியே விழிப்பர் என்பதை அறிவதே இப்பாடத்தின் முதல் எழுத்து.

திரையின் உறக்கத்தை முதலில் பார்ப்போம். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் கருவிகளுக்கு அடையாளம் வழங்கும் 'எனர்ஜி ஸ்டார்' என்னும் திட்டத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992-இல் தொடங்கியது. முதன்முதலில் அவ்வடையாளத்தைப் பெற்றவை கணிப்பொறிகளும் மானிட்டர்களுமே. மறு ஆண்டே, அதாவது 1993-இல், திரையை எவ்வாறு உறங்கச் செய்வது என்பதற்கு 'வெசா' என்னும் அமைப்பு ஒரு பொது விதியை வகுத்தது. அதன் சாரம் எளிது. கணிப்பொறி தன் சமிக்ஞையை நிறுத்தினால் திரை உறங்க வேண்டும்; சமிக்ஞை மீண்டும் வந்தால் விழிக்க வேண்டும். இன்றைய மானிட்டர்களும் இதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே, சமிக்ஞை வராவிட்டால் நல்ல திரையும் இருண்டுதான் கிடக்கும். அது அதன் குற்றமன்று, கீழ்ப்படிதல்!

அடுத்து, கணிப்பொறியின் உறக்கம். 'ஸ்லீப்' என்னும் நிலையில் நாம் செய்துகொண்டிருந்த வேலை அழிவதில்லை. ராம் என்னும் தற்காலிக நினைவகத்தில் அப்படியே நிற்கிறது. மற்ற உறுப்புகள் ஓய்வு கொள்ள, ராமுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். அந்தச் சிறு மின்சாரமே நம் வேலையின் உயிர் மூச்சு. அதை நிறுத்தினால் சேமிக்காத பக்கங்கள் யாவும் மறைந்துபோம். 'ஹைபர்னேட்' என்னும் நிலை இதனின் வேறானது. அதில் வேலை முழுவதும் வட்டில் எழுதப்பட்டுவிடுவதால் மின்சாரம் நின்றாலும் தீங்கில்லை.

நம் இல்லங்களில் இரவு படுக்குமுன் சுவரிலுள்ள சுவிட்சுகளையெல்லாம் அணைப்பது நல்ல வழக்கமே. என் தந்தையாரும் அவ்வாறே செய்வார். ஆனால் உறங்கும் கணிப்பொறியின் சுவிட்சை அணைப்பது, உறங்குபவரின் போர்வையை இழுப்பதுபோல் அன்று. மூச்சை நிறுத்துவதுபோல் ஆகும். முறைப்படி ஷட் டவுன் செய்த பின்னரே சுவரின் சுவிட்சைத் தொட வேண்டும்.

விழிக்கும் நேரத்தில் நிகழும் உரையாடல்

திரை ஏன் விழிக்கும்போது மட்டும் மக்கர் செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாகத்தானே இருந்தது? இவ்வையம் எனக்கும் எழுந்தது. எங்களுக்குக் கணிப்பொறி கற்பிக்கும் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கூறிய விளக்கம் இதுதான்.

விழித்தவுடன் கணிப்பொறியும் திரையும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ள நேரிடும். "நீ யார்? உன் அகலம் உயரம் எவ்வளவு? ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிப்பாய்?" என்று கணிப்பொறி வினவும். திரை தன் விவரத்தை ஒரு சிறு சீட்டுப்போல அனுப்பும். அச்சீட்டின் அடிப்படைப் பகுதி 128 பைட்டு மட்டுமே. இவ்வுரையாடல் கேபிளினுள் இருக்கும் மெல்லிய கம்பிகளின் வழியே நடக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் 19 முனைகள் உள்ளன. படத்தைச் சுமக்கும் கம்பிகள் நன்றாக இருந்து, அறிமுகத்திற்கான ஒரு கம்பி மட்டும் தளர்ந்திருந்தால், ஓடும் படம் ஓடிக்கொண்டே இருக்கும். உறங்கி எழும்போது மட்டும் அறிமுகம் தடைப்படும். படமும் வராது.

"ஏம்மா, காய்ச்சல் என்று வந்தவருக்கு வைத்தியர் உடனே காலை வெட்டுவாரா? நாடி பார்ப்பார் அல்லவா? கணிப்பொறிக்கும் நாடி பார்க்க வேண்டும்" என்றார் சிஸ்டர். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த நாடி பார்க்கும் முறை பின்னர் எங்கள் குடும்பத்தையே காத்தது.

நாடி பார்க்கும் முறை

முதற்படி: காத்திருந்து எழுப்புக. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தி அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். எழவில்லையெனில் கணிப்பொறியின் பவர் பொத்தானை ஒரே ஒரு முறை மெல்லத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். நான்கு விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணிப்பொறி விழிக்காது, அடியோடு அணைந்துவிடும். தட்டுவது எழுப்புதல், அழுத்திப் பிடிப்பது அணைத்தல். இவ்வேறுபாட்டை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் சொல்லி வைத்தல் நலம்.

இரண்டாம் படி: கணிப்பொறி விழித்துவிட்டதா என்று அறிக. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தவும். அதன் சிறு விளக்கு எரிந்து, மறுமுறை அழுத்தினால் அணையுமாயின், கணிப்பொறி விழித்துவிட்டது; நம் வேலையும் பெரும்பாலும் பத்திரமாகவே உள்ளது. குறை திரையிலோ, கேபிளிலோ, படத்தை அனுப்பும் பகுதியிலோதான். விளக்கு அசையவே இல்லையெனில் கணிப்பொறியே இன்னும் எழவில்லை என்று ஐயுற வேண்டும். விசைப்பலகையின் யு.எஸ்.பி. முனையைக் கழற்றி வேறு துளையில் செருகி மீண்டும் ஒருமுறை பார்க்கலாம்.

மூன்றாம் படி: திரையிடமே கேட்க. மானிட்டரின் விளிம்பிலோ அடியிலோ சில பொத்தான்கள் உண்டு. அவற்றுள் மெனு பொத்தானை அழுத்தவும். மெனுவோ, 'நோ சிக்னல்' என்னும் சொற்களோ தோன்றினால், திரை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இறந்தவர் பேசுவதில்லையே! அதே மெனுவில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்னும் பகுதியைப் பார்க்கவும். கேபிள் எச்.டி.எம்.ஐ. துளையில் இருக்க, திரை வி.ஜி.ஏ. துளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் படம் எவ்வாறு வரும்? உறங்கி எழும் சில மானிட்டர்கள் தாமாகவே வேறு துளைக்கு மாறிவிடுவதுண்டு.

நான்காம் படி: படத்தை அனுப்பும் பகுதியைத் தட்டி எழுப்புக. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறிகளில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளையும் பிடித்துக்கொண்டு 'பி' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்த வேண்டும். பந்து என்பதன் ஆங்கிலச் சொல்லில் வரும் முதல் எழுத்து அது. 'பீப்' என்று சிறு ஒலி கேட்கும். திரை ஒருமுறை சிமிட்டும். படத்தை அனுப்பும் இயக்கி மென்பொருள், அதாவது கிராபிக்ஸ் டிரைவர், புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் பக்கங்களுக்குப் பொதுவாக எத்தீங்கும் நேராது.

ஐந்தாம் படி: கேபிளைச் சோதிக்க. மானிட்டரின் மின்கம்பியைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகவும். மானிட்டரின் மின்கம்பியைத்தான் சொல்கிறேன். கணிப்பொறியின் கம்பியைத் தொடலாகாது! பின்னர்ப் படம் செல்லும் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, நேராகவும் உறுதியாகவும் செருகவும். தனிக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணிப்பொறியாயின், கேபிள் அந்தக் கார்டின் துளையில் உள்ளதா என்றும் பார்க்கவும். அப்போதும் படம் வராவிட்டால் இரவல் வாங்கியேனும் வேறு கேபிள் மாட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வைந்து படிகளிலும் ஒரே விதியை மறவாதிருத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது.

வேறு சில அறிகுறிகள்

திரை முழுதும் இருளாமல் வேறு விதமாகவும் துன்பம் தருவதுண்டு. பழைய வி.ஜி.ஏ. இணைப்பு 1987-இல் வந்தது. 15 முனைகள் கொண்டது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனி முனைகளில் செல்கின்றன. விழித்த திரை மஞ்சளித்துத் தோன்றினால் நீலம் வரவில்லை என்று பொருள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போல் தோன்றினால் பச்சை வரவில்லை. நீலமும் பச்சையும் கலந்தாற்போல் தோன்றினால் சிவப்பு வரவில்லை. முனைகளைச் சரியாகச் செருகித் திருகினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எழுத்துகள் மிகப் பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றினால், முன்னர்க் கூறிய 128 பைட்டுச் சீட்டு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஊகிக்கலாம். கேபிளைக் கழற்றி மாட்டிய பின் டிஸ்ப்ளே அமைப்பில் திரையின் அளவை முன்போல் தெரிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்னொளி பழுதாகியுள்ளது. இது வல்லுநரின் வேலை. நாம் எக்காரணம் கொண்டும் மானிட்டரின் பின்மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே வீட்டு மின்சாரம் நேராக வந்து சேருகிறது. பழங்காலக் குழாய் மானிட்டராயின் இன்னும் ஆபத்து. வண்ணக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். கம்பியைக் கழற்றிய பின்பும் அது சில காலம் தங்கியிருக்கும்.

கட்டிலுக்கு அடியில் இருந்த உண்மை

இவ்வாண்டு ஒரு மாலை. மகளிர் குழு ஒன்றின் ஆண்டுக் கணக்கு, நாற்பது பக்கங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். முப்பது பக்கங்கள் முடிந்த நிலையில் அம்மா இரவுச் சமையலுக்கு எழுந்து சென்றார். அன்று காலையிலிருந்து ஒரு முறைகூடச் சேமிக்கவில்லை. திரும்பி வந்தபோது திரை இருண்டு கிடந்தது. என்ன அழுத்தியும் எழவில்லை. தம்பி, "அக்கா, நான் ஆப் பண்ணி ஆன் பண்றேன்" என்று பவர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதே தம்பி!" என்று நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு அத்தையே எட்டிப் பார்த்துவிட்டார்.

கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. "அம்மா, உயிர் இருக்கிறது" என்றேன். மானிட்டரின் மெனு பொத்தானை அழுத்தினேன். 'நோ சிக்னல்' என்று வந்தது. இன்புட் சரியாகவே இருந்தது. நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினேன். 'பீப்'! திரை சிமிட்டியது. முப்பதாம் பக்கம், அம்மா விட்ட இடத்தில், அப்படியே நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. முதல் வேலையாகக் கண்ட்ரோலையும் 'எஸ்' விசையையும் அழுத்திச் சேமித்தார். பிறகுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கணக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தோம். அதன்பின் அத்தொல்லை வரவில்லை.

அப்போதுதான் எனக்குக் கட்டிலடி மானிட்டரின் நினைவு வந்தது. சென்ற ஆண்டு பழுது பார்ப்பவர் மானிட்டரை மட்டுமா மாற்றினார்? புதிய மானிட்டருடன் வந்த புதிய கேபிளையும் அல்லவா மாட்டினார்! இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டு, பழியை மானிட்டரின்மேல் போட்டுவிட்டோம். பழைய மானிட்டரைத் துடைத்து எடுத்துப் புதிய கேபிளை மாட்டினேன். உறங்க வைத்து எழுப்பினேன். எழுந்தது! ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் எழுந்தது. பிறகு புதிய மானிட்டருக்குப் பழைய கேபிளை மாட்டினேன். உறங்கியது; எழவில்லை. குற்றவாளி யார் என்பது தெளிவாயிற்று. சில நூறு ரூபாயில் தீர வேண்டியதற்கு 4,500 ரூபாய் கொடுத்திருந்தோம்.

அந்த மானிட்டர் இன்று எங்கள் தெருவிலுள்ள மாலை நேரப் படிப்பகத்தில், சின்னஞ்சிறுவர்கள் பாடம் பார்க்கும் திரையாக விளங்குகிறது. சென்ற ஆண்டின் இழப்பை எண்ணி வருந்திய அப்பா, "போகட்டும், நாலு பிள்ளைகள் படிக்கிறார்களே" என்று கூறி மகிழ்கிறார்.

வருமுன் காத்தல்

இவ்வளவு தொல்லை தரும் உறக்கத்தை அறவே நீக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒரு திரை 25 வாட் மின்சாரம் எடுப்பதாகவும், நாள்தோறும் நான்கு மணி நேரம் எவரும் பாராமல் எரிவதாகவும் கொள்வோம். நாளைக்கு 100 வாட்-மணி, ஆண்டுக்கு 36.5 யூனிட் வீணாகும். ஒரு வீட்டுக்கே இவ்வளவு என்றால் ஊருக்கு எவ்வளவு? ஆகவே திரை உறங்கட்டும். வேலை நடுவில் இருக்கும் நாட்களில் கணிப்பொறியின் உறக்கத்தை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். கேபிளை மடக்காமலும், மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்காமலும் வைத்தல் வேண்டும். டிரைவரைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! எங்கள் அடுப்பங்கரையில் ஒரு பழைய டப்பா உண்டு. மிஞ்சிய சில்லறையை அம்மா அதில் போட்டுவைப்பார். அதைச் சேமிப்பு என்பார். இப்போது கணிப்பொறியின் முன்னிருந்து எழும்போதெல்லாம், ஒரு நிமிடமே ஆயினும், "சேமிச்சாச்சா?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு விசையை அழுத்திவிட்டுத்தான் எழுகிறார். இரண்டும் ஒரே குணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுத் திரை இருண்டால் அஞ்சாதீர்கள். பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். பணப்பையையும் உடனே திறக்காதீர்கள். முதலில் கேப்ஸ் லாக்கை அழுத்தி நாடி பாருங்கள். இருண்ட திரையெல்லாம் இறந்த திரை அன்று. பல நேரங்களில் அது முறையாக எழுப்புவார் ஒருவருக்காகக் காத்திருக்கிறது.